வாசகர் கேள்வி – பதில்: 650 சொற்களில் யாரை எழுதுவது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான ‘காமன் ஆப்’ என்னும் பொது விண்ணப்பம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி திறக்கப்படுகிறது. அதனால்தானோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அதில் 650 சொற்களுக்குள் எழுத வேண்டிய விண்ணப்பக் கட்டுரையைப் பற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஏ-லெவல் படிக்கிறேன். அமெரிக்காவில் பொறியியல் படிக்க விண்ணப்பிக்க இருக்கிறேன். தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்ததைக் கட்டுரையாக எழுதியிருக்கிறேன். அதன் தொடக்கத்தைத் தமிழில் தருகிறேன்: “மக்கள் சேவையே மகேசன் சேவை என்பர் சான்றோர். சிறு வயது முதலே பிறருக்கு உதவுவதில் எனக்கு ஆர்வம் அதிகம். தண்ணீர்ப் பந்தலில் நான் தலைமைத்துவத்தையும் குழு உணர்வையும் கற்றுக்கொண்டேன்.” எங்கள் ஆசிரியர் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். எனக்கோ ஏதோ குறைவதாகப் படுகிறது. என்ன குறை? – மாணவி, பட்டர்வொர்த்

பதில்: குறை உங்களிடம் இல்லை, மகளே, நாங்கள் உங்களைப் பழக்கிய விதத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ‘நான் ஒரு பேனா’ என்று தன்கதை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு வரை, முன்னுரையில் ஒரு பொன்மொழி, நடுவில் மூன்று கருத்து, முடிவுரையில் ஓர் அறிவுரை என்ற அச்சில்தான் பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறோம். (நானும் வகுப்பில் அப்படித்தான் கற்பித்தேன், அப்படி எழுதியவர்களுக்குத்தான் புள்ளியும் கொடுத்தேன்.) உங்கள் பேனாவும் பக்கத்து மேசைக்காரரின் பேனாவும் ஒரே கடையில் பிறந்து, ஒரே விலைக்கு விற்கப்பட்டு, ஒரே மாதிரி மை தீர்ந்து குப்பைக்குப் போனாலும் தேர்வில் யாரும் கேள்வி கேட்பதில்லை. விண்ணப்பக் கட்டுரையைப் படிப்பவருக்கோ அது யாருடைய பேனா என்பது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

அவர் கையில் உங்கள் மதிப்பெண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் இருக்கின்றன. புறப்பாட நடவடிக்கைகளின் பட்டியலும் இருக்கிறது. இவை எதிலும் இல்லாத ஒன்றைச் சொல்வதற்கு மட்டுமே அந்த 650 சொற்கள். உங்கள் பத்தியிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டு, அன்று அதே பந்தலில் நின்ற மற்றொரு பெண்ணின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. உங்களுக்குக் குறைவதாகப் பட்டது அதுதான்.

இந்தப் பதிலை அச்சுக்கு அனுப்புமுன் அம்மாணவிக்குத் தனியாக எழுதி, பந்தலில் எந்த இடத்தில் நின்றீர்கள், கையால் என்ன வேலை செய்தீர்கள், எது சரியாக நடக்கவில்லை என்று மூன்று கேள்விகள் கேட்டேன். வந்த பதிலை, அவருடைய அனுமதியுடன், சுருக்கித் தருகிறேன். பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரத்தில் அவர்களுடைய பந்தல். முதல் ஆண்டு, பந்தலை ஒட்டி வைத்த குப்பைத்தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. ஆனால் சற்றுத் தள்ளிச் சாலை முழுவதும் மோர் குடித்த குவளைகள் சிதறிக் கிடந்தன. வெறுங்காலோடு காவடி எடுத்து வந்தவர்கள் அவற்றை மிதித்தார்கள். தொட்டியில் போடுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்திப் பார்த்தும் பயனில்லை. மறு ஆண்டு இவர் ஒரு வேலை செய்தார்: குவளையை வாங்கிக்கொண்டு நடப்பவர்களின் பின்னாலேயே போய், குவளை கையிலிருந்து கீழே விழும்வரை அடிகளை எண்ணினார். கூட்டம் நெட்டித் தள்ளுவதால் வாங்கிய இடத்தில் யாரும் நின்று குடிப்பதில்லை. நடந்துகொண்டே குடித்து, முப்பது நாற்பது அடி போன பிறகே குவளையைப் போட இடம் தேடுகிறார்கள். தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தார். அப்போதும் குவளைகள் தொட்டிக்குப் பக்கத்தில்தான் விழுந்தன. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பால்குடமும் இருப்பவர் மூடியை எப்படித் திறப்பார்? மூடியைக் கழற்றினார். அதன் பிறகு தொட்டி நிரம்பியது.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “குப்பையைப் பற்றிப் போய் எப்படி ஐயா எழுதுவது?” என்றார்.

குப்பையைப் பற்றித்தான் எழுத வேண்டும். கத்திப் பார்த்துப் பயனில்லை என்றானதும் மக்களைக் குறை சொல்லாமல் தொட்டி இருந்த இடத்தைச் சந்தேகித்த ஒரு பெண் இந்தக் கதையில் இருக்கிறாள். பொறியியல் துறைக்கு வேறென்ன சான்று வேண்டும்? நிரம்பாத தொட்டியிலிருந்து தொடங்குங்கள். மூடியால் வந்த தோல்வியை விட்டுவிடாதீர்கள். முதல் முயற்சியே வெற்றி என்று எழுதினால் நம்புவதும் கடினம், படிப்பதும் அலுப்பு. தைப்பூசம் என்றால் என்ன என்பதற்கு இரண்டு வாக்கியம் போதும். வெள்ளி ரதத்தின் வரலாற்றை அவர் உங்களிடம் கேட்கவில்லை. பந்தல் என்ற சொல்லை அப்படியே எழுதலாம். சுற்றியுள்ள வாக்கியங்களே அதற்குப் பொருள் சொல்லிவிடும். தலைமைத்துவம், குழு உணர்வு ஆகிய இரண்டு சொற்களையும் அடியோடு நீக்கிவிடுங்கள். அடிகளை எண்ணிக்கொண்டு போகும் உங்களைப் பார்ப்பவர் அவற்றைத் தாமே சொல்லிக்கொள்ளட்டும். அதன் பிறகு இந்த எண்ணும் பழக்கம் உங்களை வேறெங்கே கொண்டுபோனது, படகுத்துறையிலா, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலா என்று உண்மையாகவே ஏதேனும் இருந்தால் கடைசிப் பத்தியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மூடியைக் கழற்றிய இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அளவைப் பற்றி ஒரு சொல். 250க்குக் குறையக் கூடாது. 650ஐத் தாண்டினால் விண்ணப்பம் ஏற்காது. காமன் ஆப் தரும் ஏழு தலைப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பல பிள்ளைகள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த ஏழில் ஒன்று ‘உங்கள் விருப்பத் தலைப்பு’. ஆகவே முதலில் கட்டுரையை எழுதுங்கள். தலைப்பைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ‘எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரே பதிலை எல்லாவற்றுக்கும் அனுப்பலாமா? – மாணவர், பாயான் லெப்பாஸ்

பதில்: அனுப்பலாம், அது தெரிந்துவிடும். பிரவுன் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் படித்தே ஆக வேண்டிய பொதுப்பாடப் பட்டியல் என்று எதுவும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கொலம்பியா கல்லூரியிலோ இளங்கலை மாணவர் அனைவரும் இலக்கியம், தத்துவம் உள்ளிட்ட ஒரு பொதுப்பாடத் தொகுதியைப் படிக்காமல் வெளியே வர முடியாது. இந்த இரண்டையும் ஒரே காரணத்துக்காக விரும்புகிறேன் என்று எழுதுபவர் இரண்டின் பாடத்திட்டத்தையும் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் பொருள். நூலகம் பெரியது, பேராசிரியர்கள் புகழ்பெற்றவர்கள், வளாகம் அழகானது ஆகியவை எல்லாருக்கும் பொருந்தும். எந்தப் பாடம், எந்த ஆய்வு, அதற்கும் நீங்கள் இதுவரை செய்ததற்கும் என்ன தொடர்பு என்று எழுதுங்கள். எம்ஐடி காமன் ஆப்பைப் பயன்படுத்துவதே இல்லை. அதற்குத் தனி விண்ணப்பமும் தனித்தனிச் சிறு கேள்விகளும் உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். அது தரும் எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள், பதில் எழுத வேண்டும். பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் இந்த வேலையையும் எண்ணிப் பாருங்கள், தம்பி.

கேள்வி: என் மகனின் விண்ணப்பத்தைக் கவனிக்கும் முகவர், கட்டுரையையும் தாமே எழுதித் தருவதாகச் சொல்லி 5,000 ரிங்கிட் கேட்கிறார். மகனோ, “சாட்ஜிபிடி இலவசமாகவே எழுதித் தரும், அப்பா” என்கிறான். எது சரி, ஐயா? – ஒரு தந்தை, பிறை

பதில்: இரண்டும் சரியில்லை, உங்கள் மகனுடைய வழியில் பணமாவது மிஞ்சுகிறது.

விண்ணப்பத்தின் முடிவில், இது முழுவதும் என் சொந்த உழைப்பு என்று உறுதிகூறிக் கையொப்பமிடுபவர் உங்கள் மகன்தான், முகவர் அல்லர். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன் எழுத்தாக அனுப்புவதையும் காமன் ஆப் தன் விதிகளில் மோசடி என்றே வகைப்படுத்தியிருக்கிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் அமைப்பு, வரும் ஒவ்வொரு விண்ணப்ப உரையையும் முன்பு வந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது; ஒற்றுமை அதிகமாக இருந்தால் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகும். சில ஆண்டுகளுக்கு முன் வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்த இரண்டு மாணவர்கள் ஒரே வாரத்தில் என்னிடம் கட்டுரைகளைக் காட்டினார்கள். ஒரே பாட்டி, ஒரே வாக்கியத்தில், இரண்டு வீட்டிலும் இறந்திருந்தார். இருவருக்கும் எழுதிக் கொடுத்த கை ஒன்று.

உதவியே பெறக்கூடாது என்பதல்ல. கேள்வி கேட்பவர், எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்று சொல்பவர், எழுத்துப்பிழையைச் சுட்டுபவர் ஆகிய மூவரும் உதவலாம். எழுதுகோல் மட்டும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் உள்ள மேசி என்னும் மலேசிய–அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம், அமெரிக்க உயர்கல்வி பற்றிய ஆலோசனை மையத்தையும் நடத்துகிறது. முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அப்போது நான்காம் படிவத்தில் இருந்த என் மூத்த மகளின் மதிப்பெண்கள் அந்த ஆண்டு மிகவும் சரிந்தன, பிறகு மீண்டுவிட்டாள். நான் காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கிறேன். அவள்தான் உடன் உதவுகிறாள். இதையெல்லாம் கட்டுரையில் எழுதச் சொன்னால், “அனுதாபம் தேடுவது போல் இருக்கும்” என்று மறுக்கிறாள். நான் சொல்வது தவறா? – ஒரு தாயார், ஆயர் ஈத்தாம்

பதில்: சகோதரி, உங்கள் இழப்புக்கு முதலில் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்களும் தவறில்லை, உங்கள் மகளும் தவறில்லை. இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

மதிப்பெண் ஏன் சரிந்தது என்பது தகவல். அதை மறைக்கவே கூடாது. காரணம் தெரியாவிட்டால் படிப்பவர் அக்கறையின்மை என்றே எண்ணிக்கொள்வார். ஆனால் அந்தத் தகவலுக்குக் கட்டுரை தேவையில்லை. விண்ணப்பத்தில் ‘கூடுதல் விவரம்’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே நான்கைந்து வரிகளில், எந்த மாதம், என்ன நடந்தது, எத்தனை நாள் பள்ளிக்குப் போக முடியவில்லை, எப்போது மீண்டாள் என்று உணர்ச்சி கலக்காமல் எழுதினால் போதும். அதையே பள்ளி ஆலோசக ஆசிரியர் தம் கடிதத்தில் உறுதிப்படுத்திவிட்டால் இன்னும் நல்லது. ஆலோசகர்களில் பலர் அமெரிக்க விண்ணப்பத்துக்குக் கடிதம் எழுதிப் பழகாதவர்கள். தகவலை ஒரு தாளில் எழுதி, கெடு நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கட்டுரை அவளுடையது. தந்தையைப் பற்றி எழுத அவளுக்கு மனம் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். துக்கத்தை விரித்துக் காட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லவில்லை. ஒருவேளை எழுத முன்வந்தால், மறைந்தவரைவிட இருப்பவளைப் பற்றியே அதிகம் இருக்கட்டும்.

எனக்கு உங்கள் கடிதத்தில் பெரிதாகப் பட்டது அந்த நாசி லெமாக்தான். காமன் ஆப்பில் பத்து நடவடிக்கைகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளுக்கு இடம் உண்டு. நம் வீடுகளில் மேடை ஏறியதும் சான்றிதழ் வாங்கியதும்தான் நடவடிக்கை என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் ‘குடும்பப் பொறுப்பு’ என்றே ஒரு வகை இருக்கிறது. ‘சம்பளத்துக்கு வேலை’ என்பதும் இருக்கிறது. கணினிக் கழக உறுப்பினர், ஐந்தாம் படிவம், வாரம் ஒரு மணி நேரம் என்று ஒரு வரி. “அதிகாலை 4 மணி முதல் நாசி லெமாக் பொட்டலம் கட்டுதல், அன்றாடக் கணக்கு எழுதுதல், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புதல்” என்று மற்றொரு வரி. இரண்டாவதைப் படித்தவர் அதோடு அந்த மதிப்பெண் பட்டியலை ஒரு முறை திரும்பப் பார்ப்பார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், கூச்சப்பட்டுக் குறைத்தும் சொல்ல வேண்டாம். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் குறைத்தே எழுதுகிறார்கள்.

கேள்வி: அமெரிக்காவுக்கு எழுதிய கட்டுரையையே பிரிட்டனுக்கும் அனுப்பலாமா? நான் பொருளாதாரம் படிக்க விரும்புகிறேன். – மாணவர், ஜார்ஜ் டவுன்

பதில்: கூடாது. அமெரிக்கக் கல்லூரி ஒரு மனிதரைத் தேடுகிறது; பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒரு பாடத்துக்கான மாணவரைத் தேடுகிறது. 2026ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து யூகாஸ் பழைய ஒற்றை உரையைக் கைவிட்டு, அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், உங்கள் கல்வி அதற்கு உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். இடைவெளிகளையும் சேர்த்து மூன்றுக்கும் மொத்தம் 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இங்கே எழுத்து என்பது ஆங்கில எழுத்து; சொல் என்று எண்ணிக்கொண்டு எழுதி, கடைசி நாளில் வெட்டத் தொடங்குபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

முதல் இரண்டு கேள்விகளுக்கே பெரும்பகுதி இடத்தைக் கொடுங்கள். பொருளாதாரத்தில் எதைப் படித்தீர்கள் என்பதோடு நிற்காமல், படித்ததில் எதை ஒப்புக்கொள்ள முடியவில்லை, அதன் பிறகு எங்கே தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மேலே பார்த்த குப்பைத்தொட்டிக் கதையைப் பிரிட்டனுக்கு எழுதினால் அது மூன்றாம் கேள்வியில் மூன்றே வரியாகச் சுருங்கும். ஒரே உரைதான் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் போகும் என்பதால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் குறிப்பிடாதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்விரண்டுக்கும், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் கெடு அக்டோபர் 15, பிரிட்டிஷ் நேரப்படி மாலை 6 மணி. பினாங்கில் அப்போது 16ஆம் தேதி அதிகாலை 1 மணி. அந்த ஏழு மணி நேரத்தை நம்பியிருக்க வேண்டாம். பள்ளியின் பரிந்துரையும் அதற்குள் இணைக்கப்பட்டிருக்க வேண்டும், ஆசிரியர் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்.

கேள்வி: நிதியுதவி வேண்டும் என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்டால் நிராகரித்துவிடுவார்களா? – மாணவர், கோலாலம்பூர், செந்தூல்

பதில்: இடத்தைப் பொறுத்தது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பண வசதியைப் பார்க்காமலே இடம் முடிவு செய்கின்றன; இடம் கிடைத்தால் தேவைப்படும் உதவியையும் முழுமையாகத் தருகின்றன. மற்றப் பெரும்பாலான கல்லூரிகளில் வெளிநாட்டவர் உதவி கேட்டால் அது முடிவில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஆனாலும், தேவை இருக்கும்போது இல்லை என்று எழுதிவிட்டு, இடம் கிடைத்த பின் கட்டணத்துக்கு வழியில்லாமல் நிற்பது அதைவிடத் துன்பம். ‘எர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்ததும் அங்கேயே சேர்வதாக ஒப்புக்கொள்கிறீர்கள் என்று பொருள். எவ்வளவு உதவி வரும் என்பதைக் கல்லூரியின் இணையதளத்தில் உள்ள கணிப்பானில் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

அரசின் உயர்கல்விக் கடன் நிதியான நம் பிடிபிடிஎன் தரும் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். வெளிநாட்டுக்கு என்றால் யாயாசான் கஸானா, பேங்க் நெகாரா, பெட்ரோனாஸ் ஆகியவற்றின் உபகாரச் சம்பளங்களைப் பாருங்கள். அவற்றுக்குத் தனி விண்ணப்பமும் நேர்முகமும் உண்டு. மேலே சொன்ன ஹார்வர்ட், எம்ஐடி போன்ற இடங்களில் விண்ணப்பிக்கும் 100 பேரில் 5 பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. எனவே அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு வழி உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அதே அக்கறையோடு விண்ணப்பியுங்கள். நம்மவர்கள் சிலர் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பதை நான் இன்றுவரை புரிந்துகொள்ளவில்லை.

கேள்வி: விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். நமக்கு அது இல்லையே, என்ன எழுதுவது? – மாணவி, ஜெலுத்தோங்

பதில்: தந்தையின் பெயரை அந்த இடத்தில் எழுதுவதுதான் வழக்கம். மகள் என்று பொருள்படும் ‘ஏ/பி’ என்பதைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஏதேனும் ஒரு முறையைப் பின்பற்றுங்கள். ஆனால் கடப்பிதழில் உள்ள எழுத்துக்கூட்டல் மாறாமல், விண்ணப்பத்திலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாட் (SAT) தேர்விலும் ஆங்கிலத் தேர்விலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் தந்தை பெயர் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் இருந்தால் தேர்வு முடிவு உங்கள் விண்ணப்பத்தோடு சேராமல் போகக்கூடும். பிறகு கடிதத்தில் உங்களை உங்கள் தந்தையின் பெயரால் அழைப்பார்கள். பதறாமல் பதில் எழுதுங்கள்.